எடைக்கு அகப்படாத தூசு

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையம் பசிபிக் பெருங்கடலை ஒட்டியே இருக்கிறது. ஓடுபாதைகளின் மேற்கு முனையைத் தாண்டினால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். பகலில் பெரும்பாலும் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். விமானங்களும் அந்தக் காற்றை எதிர்கொண்டு கிழக்கிலிருந்து இறங்கும், மேற்கு நோக்கிக் கடல்மீது ஏறும். இறங்கும் வழியில் அவை விடும் புகையையும் ஓடுபாதையில் எழும் புகையையும் அதே காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். கிழக்கே இருப்பவை லெனாக்ஸ், இங்கிள்வுட், அதற்கும் அப்பால் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் நெருக்கமாக வாழும் உழைக்கும் மக்களின் பகுதிகள்.

விமானப் புகை ஓடுபாதையின் ஓரத்தோடு நின்றுவிடும், மிஞ்சினால் ஓரிரு கிலோமீட்டர் வரும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நீலாக்ஷி ஹுத்தா, ஸ்காட் ஃப்ரூயின் முதலியோர் அளவுக் கருவிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு காற்று போகும் திசையில் தெருத்தெருவாக ஓட்டிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய முடிவு அந்தக் கருத்தைத் தகர்த்தது. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 10 கிலோமீட்டர் வரையிலும்கூடக் காற்றில் மிதக்கும் துகள்களின் எண்ணிக்கை வழக்கமான அளவைப்போல் நான்கைந்து மடங்கு இருந்தது. 16 கிலோமீட்டர் தொலைவிலும் இரண்டு மடங்கு. பாதிக்கப்பட்ட பரப்பு 60 சதுர கிலோமீட்டர். அதே அளவு துகள்களை வாகனங்கள் உண்டாக்க வேண்டுமானால் 280 முதல் 790 கிலோமீட்டர் நீளத்துக்கு விரைவுச்சாலை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் முழுவதற்குமே விரைவுச்சாலை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர்தான். காரின் நகரம் என்று பெயரெடுத்த ஓர் ஊரில், ஒரே ஒரு விமான நிலையம் அதன் விரைவுச்சாலைகளில் கணிசமான பங்குக்கு ஈடாகிறது.

இவ்வளவு தொலைவுக்குப் புகை வருவதற்குக் காரணம் இறங்கும் பாதை. விமானம் ஏறும்போது விரைவாக உயர்ந்து விலகிப் போய்விடுகிறது. இறங்கும்போதோ ஏறக்குறைய 3 பாகைச் சரிவில் மெல்லத் தாழ்கிறது. அந்தச் சரிவில், ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னாலேயே அது தரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். நான்கு ஓடுபாதைகள், ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே வானக் கோட்டில். கீழே உள்ள தெருக்களுக்கு மேல் ஓயாத புகைக்கோடு ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. காற்றுத் தூசுக்கு உலக நாடுகள் வைத்திருக்கும் அளவுகோல் எடை. ஒரு கனமீட்டர் காற்றில் இரண்டரை மைக்ரானும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்ப்பது. செய்தித்தாளில் நாம் படிக்கும் பி.எம். 2.5 அதுதான். ஜெட் எஞ்சின் விடும் துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. வாஷிங்டன் பல்கலைக்கழகம் சியாட்டில் விமான நிலையத்தைச் சுற்றி 2018, 2019 ஆண்டுகளில் அளந்தபோது, சாலைப் புகையையும் விமானப் புகையையும் இந்த அளவை வைத்தே பிரித்தறிய முடிந்தது. விமானத்தின் துகள்கள் 10, 20 நானோமீட்டர் அளவில் குவிந்திருந்தன. இவற்றை அதிநுண் துகள்கள் என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மைக்ரான் என்பது 20 நானோமீட்டரைப்போல் 125 மடங்கு. எடை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், அந்தப் பெரிய துகள் ஒன்றின் எடையை ஈடுசெய்ய 20 நானோமீட்டர் துகள்கள் 19 லட்சத்து 53 ஆயிரம் வேண்டும். அத்தனை லட்சம் துகள்கள் காற்றில் கூடினாலும் எடை காட்டும் கருவிக்கு அது ஒரே ஒரு துகளின் வரவு. உடலுக்கோ கணக்கு வேறு. சம எடையுள்ள அந்தச் சிறு துகள்களின் மொத்தப் புறப்பரப்பு பெரிய துகளின் பரப்பைப்போல் 125 மடங்கு. நுரையீரலின் உயிரணுவைத் தொடுவது அந்தப் பரப்புதான். அதில் படிந்து வரும் ரசாயனங்களும் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. ஊரிலுள்ள கொசுக்களை எல்லாம் பிடித்து நிறுத்துப் பார்த்து, எடை குறைவு என்பதால் மலேரியா வராது என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பானது இது.

இந்தத் துகள்கள் எங்கிருந்து பிறக்கின்றன? முதலில் எரிபொருள். ஜெட் விமானம் எரிப்பது சுத்திகரித்த மண்ணெண்ணெய். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 3,000 பங்குவரை இருக்கலாம் என்று சர்வதேச விதி அனுமதிக்கிறது. நடைமுறையில் சில நூறு பங்கு இருக்கும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி லாரிக்கும் பேருந்துக்கும் போடும் டீசலில் இருக்கலாகும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. லாரிக்காரரிடம் கண்டிப்பாக இருக்கும் சட்டம் விமானத்திடம் முந்நூறு மடங்கு தாராளமாக நடந்துகொள்கிறது. அந்தக் கந்தகம் எரிந்து, எஞ்சினுக்கு வெளியே குளிரும் புகையில் கந்தக அமிலமாகி, அதிநுண் துகள்களுக்குக் கருவாகிறது. எரியாமல் மிஞ்சும் கரி இன்னொரு மூலம். மூன்றாவது, எளிதில் எதிர்பார்க்க முடியாதது. பிராங்க்பர்ட் விமான நிலையத்தருகே துகள்களைச் சேகரித்துப் பகுத்த கோதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றில் எஞ்சினின் மசகு எண்ணெயைக் கண்டார்கள். எரியாத எண்ணெய் ஆவியாக வெளியேறி, குளிர்ந்து, புதுத் துகள்களாகத் திரள்கிறது என்று 2022இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். எரிபொருளை மட்டும் மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதற்கு இது சான்று.

எஞ்சின் எந்த நிலையில் ஓடுகிறது என்பதும் முக்கியம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எஞ்சின் புகையைச் சோதிக்க வைத்திருக்கும் மாதிரிக் கணக்கில் மேலெழும்ப 0.7 நிமிடம், ஏறிச்செல்ல 2.2 நிமிடம், இறங்கி வர 4 நிமிடம். தரையில் ஊர்ந்தும் காத்தும் நிற்பதற்கு 26 நிமிடம். அந்த 26 நிமிடமும் எஞ்சின் தன் வலுவில் 7 சதவீதத்தில் சோம்பலாக ஓடுகிறது. முழு வலுவில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரியும் மிகுதி. சோம்பலில் எரிதல் முழுமை பெறாததால் கார்பன் மோனாக்சைடும் ஃபார்மால்டிஹைடு போன்ற கரிமச் சேர்மங்களும் மிகுதி. பயணி இருக்கையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊருக்குப் பெருமளவு நச்சு போகிறது.

உடலுக்குள் இவை எவ்வளவு தூரம் போகின்றன என்பதை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று நேராகக் காட்டியது. மனித உடலில் இயல்பாக ஏறத்தாழ இல்லாததும் தீங்கு செய்யாததுமான தங்கத்தை நானோ துகள்களாக்கி, ஆரோக்கியமான 14 பேரைச் சுவாசிக்கச் செய்தார்கள். சிலருக்கு 15 நிமிடத்திலேயே ரத்தத்தில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் ரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்தது. துகள் சிறுக்கச் சிறுக்க ரத்தத்தில் கலப்பது கூடியது. கழுத்துத் தமனியில் அடைப்பு நீக்கும் அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளிடம் செய்த சோதனையில், அந்த அடைப்பின் கொழுப்புப் படிவிலேயே தங்கம் போய்ச் சேர்ந்திருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் தொடங்கும் இடம் அது. 2017இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் நச்சுக்கொடியில் சிசுவின் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டனர். தாய் மூச்சிழுத்த காற்று பிள்ளைவரை போகிறது.

இனி நோய். விமான நிலையத்தருகே வாழ்பவர்கள் நோய்வாய்ப்பட்டால், அதற்குப் புகைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அங்கே வாழ்வோரில் பலர் ஏழைகள். ஏழைக்கு நோய் வர வேறு நூறு காரணம் உண்டு. இரைச்சல் வேறு இருக்கிறது, சாலைப் புகை வேறு இருக்கிறது. இந்த முடிச்சை வொல்ஃப்ராம் ஷ்லெங்கர், ரீட் வாக்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அவிழ்த்த விதம் அருமையானது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புயலோ நெரிசலோ வந்தால் அங்குள்ள பெரிய விமான நிலையங்களில் தாமதம் ஏற்படும். அந்தத் தாமதம் சங்கிலித் தொடராக நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கலிஃபோர்னியாவுக்கு வரும். அங்கே விமானங்கள் எஞ்சினை நிறுத்தாமல் வரிசையில் காத்து நிற்கும். கிழக்கே அடித்த புயலுக்கும் லெனாக்ஸில் ஒரு குழந்தையின் ஆஸ்துமாவுக்கும் வேறு எந்த வழியிலும் தொடர்பு இருக்க முடியாது. அப்படிப்பட்ட நாள்களில் கலிஃபோர்னியாவின் 12 பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வாழும் 60 லட்சம் மக்களிடையே ஆஸ்துமா, மூச்சுக் கோளாறு, இதய நோய் ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வருவோர் கூடினார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள், நடுவயதினரும் தப்பவில்லை. அவர்கள் அளந்த கார்பன் மோனாக்சைடோ அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் இருந்தது. அந்த வாயு தனியாகச் செய்த வேலை இது என்று நான் நம்பவில்லை. அன்றைக்கு யாரும் எண்ணிப் பார்க்காத அதிநுண் துகள்களும் அதோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

அந்தத் துகள்களைத் தனியே பிரித்துப் பார்த்த ஆய்வுகள் பிறகு வந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் மிதமான ஆஸ்துமா உள்ள 22 பேரை விமானப் புகை வரும் பூங்காவிலும் வராத பூங்காவிலும் இரண்டு மணி நேரம் நடக்கச் செய்தனர். விமானத் துகள்கள் மிகுந்தபோது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஐ.எல். 6 என்ற பொருள் கூடியிருந்தது. 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, அந்த விமான நிலையத்துக்கு 15 கிலோமீட்டருக்குள் 2008 முதல் 2016 வரை நிகழ்ந்த 1,74,186 பிறப்புகளை எடுத்துக்கொண்டது. சாலைப் புகையையும் விமான இரைச்சலையும் கணக்கில் கழித்த பின்னும், விமானத் துகள்களுக்கு மிக அதிகமாக ஆளான கால்பங்குத் தாய்மாரிடம், மிகக் குறைவாக ஆளானவர்களைவிடக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருந்தது. ஒரு தாய்க்கு இது சிறிய கூடுதல். ஒன்றேமுக்கால் லட்சம் பிறப்புகளில் அது சிறியது ஆகாது.

நெதர்லாந்து இந்தக் கேள்வியை அரசுப் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தை ஒட்டி ஆரோக்கியமான 21 இளையோரை அங்குள்ள காற்றில் ஐந்து மணி நேரம் இருத்தி, இடையிடையே சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். நுரையீரல் கொள்ளளவு சற்றே குறைந்தது. இதய மின்வரைபடத்தில் துடிப்புக்குப் பின் மீளும் நேரம் நீண்டது. அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் 191 பேரைக் கவனித்ததில், துகள் மிகுந்த நாள்களில் இருமல், மூச்சிரைப்பு போன்ற தொல்லையும் மருந்துப் பயன்பாடும் கூடின. பின்னர் 2022இல் நெதர்லாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் நீண்டகால விளைவுகளைப் பற்றி அறிக்கை தந்தது. இதயத்துக்கும் ரத்தநாளங்களுக்கும் தீங்கு நேரக்கூடும், கருவுக்கும் நேரக்கூடும் என்றது. நிலையான மூச்சு நோய்க்கோ மொத்த இறப்பு கூடியதற்கோ அறிகுறி கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. விமானத் துகள்கள் சாலைத் துகள்களைவிடக் கொடியவை என்பதற்கும் சான்று இல்லை. அச்சத்தைப் பெரிதுபடுத்துவோர் இந்த வரிகளைத் தவிர்க்கிறார்கள், தவிர்க்கக் கூடாது. சாலைப் புகைக்கு நிகரான தீங்கு என்பதே போதுமான குற்றச்சாட்டு.

குடியிருப்போரைப் பற்றி இவ்வளவு பேசும்போது, ஓடுதளத்திலேயே வேலை செய்பவர்களை மறந்துவிடுகிறோம். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் பணியாளர்கள் சுவாசிக்கும் காற்றைக் கருவியால் அளந்தபோது, பெட்டிகளை ஏற்றி இறக்குவோர் கட்டடத்துக்குள் வேலை செய்வோரைப்போல் 7 மடங்கு அதிநுண் துகள்களைச் சுவாசித்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 37,000 துகள்களுக்கும் 5,000 துகள்களுக்கும் உள்ள வேறுபாடு அது. அந்நாட்டு ஆண் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இதய நோய் அதனால் கூடியதாகக் காட்டவில்லை. உடல் வலுவுள்ளவர்களே இந்த வேலைக்கு வருகிறார்கள், முடியாதவர்கள் விலகிவிடுகிறார்கள். தொழிலாளர் ஆய்வுகளில் எப்போதும் உள்ள இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

உலக அளவில், விமானப் புகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 பேர் காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015இல் மதிப்பிட்டார்கள். அவர்களில் 5,000 பேர் விமான நிலையத்துக்கு 20 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள். இந்த மதிப்பீட்டில் இடம்பெற்றவை ஓசோனும் எடையால் அளக்கப்படும் பி.எம். 2.5உம் மட்டுமே. துகள் எண்ணிக்கை இதற்குள் வரவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதிநுண் துகள்களுக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் சராசரி கன சென்டிமீட்டருக்கு 10,000 துகள்களைத் தாண்டினால் அதை மிகுதி என்று கொள்ளலாம், 1,000க்குக் கீழ் இருந்தால் குறைவு என்று கொள்ளலாம் என்று வழிகாட்டியது. கோபன்ஹேகன் தொழிலாளியின் 37,000ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய புதிய காற்றுத்தர ஆணையில், உறுப்பு நாடுகள் இவற்றை எண்ணத் தொடங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. புதிதாக உருவாகும் எஞ்சின் வகைகள் விடும் கரித்துகள்களின் எண்ணிக்கைக்கும் எடைக்கும் 2023 ஜனவரி முதல் சர்வதேச வரம்பு இருக்கிறது. கந்தகத்தாலும் எண்ணெய் ஆவியாலும் பின்னால் திரளும் துகள்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. இந்தியாவின் தேசியக் காற்றுத்தர வரையறை 2009இல் வந்தது. 12 மாசுகள் அதில் இடம்பெற்றுள்ளன. அதிநுண் துகள் அவற்றில் ஒன்றல்ல.

செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பல எளியவை. டீசலில் கந்தகத்தை நீக்கத் தெரிந்த சுத்திகரிப்பு ஆலைக்கு மண்ணெண்ணெயில் நீக்குவது புதிய வித்தை ஆகாது. நாசா நடத்திய பறப்புச் சோதனையில், பாதிக்குப் பாதி உயிரி எரிபொருள் கலந்தபோது துகள் வெளியீடு 50 முதல் 70 சதவீதம் குறைந்தது. நிற்கும் விமானம் தன் வாலிலுள்ள சிறு எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுப்பதை விட்டு, நிலையத்தின் மின்சாரத்தில் இணையலாம். ஓடுபாதைவரை இழுவை வண்டியில் போகலாம். டெல்லியில் 2019 அக்டோபரில் பயணிகளோடு ஏ320 விமானம் ஒன்றை டாக்ஸிபாட் என்ற இழுவை வண்டி எஞ்சின் ஓடாமலே கொண்டுபோனது, அந்த வகை விமானத்தில் உலகிலேயே முதல்முறையாக. சியாட்டில் பள்ளிகளில் வகுப்பறைக்கு ஒரு ஹெப்பா வடிகட்டி வைத்ததில் உள்ளே வரும் அதிநுண் துகள்கள் பெருமளவு குறைந்தன. மின்விசிறி அளவுள்ள கருவி அது.

நம் ஊரான சென்னைக்கு வருவோம். ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட பயணிகள் வந்துபோகும் மீனம்பாக்கம் விமான நிலையம் நகரத்தின் நடுவில் சிக்கியிருக்கிறது. பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், நங்கநல்லூர் என்று சுற்றிலும் நெருக்கமான குடியிருப்பு. மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று வந்தால் சென்னைவாசிக்கு நிம்மதி. அந்தக் காற்று ஓடுபாதையைக் கடந்து மேற்கே உள்ள ஊர்களுக்குப் போகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது திசை மாறி நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் திரும்புகிறது. லெனாக்ஸுக்குப் பொருந்தும் இயற்பியல் பொழிச்சலூருக்கும் பொருந்தும். பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. நிலத்துக்காகவும் ஏரிகளுக்காகவும் அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். நிலையம் வந்தால் அதைச் சுற்றி மிஞ்சும் ஊர்கள் சுவாசிக்கப்போகும் காற்றைப் பற்றிய கேள்வியும் அதற்கு இணையானது. இந்தியச் சட்டப்படி நடக்கும் சுற்றுச்சூழல் மதிப்பீடு அந்தக் கேள்வியில் பி.எம். 2.5இன் எடையோடு நின்றுகொள்ளலாம்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீனம்பாக்கத்தின் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகத் துகள் எண்ணும் கருவிகளை நிறுவி, ஓராண்டுக் கணக்கை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஓடுதளத்தில் பெட்டி தூக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல், இதயப் பரிசோதனையை நிலையத்தின் செலவில் செய்ய வேண்டும். பரந்தூருக்கு இறுதி அனுமதி பேசப்படும் முன்பே அங்குள்ள இன்றைய காற்றின் துகள் எண்ணிக்கையை அளந்து பதிவுசெய்துவிட வேண்டும்; விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கை யாராலும் எடுக்க முடியாது. இந்த மூன்றையும் கேட்கும் உரிமை, அந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கேளுங்கள்.